நுகத்தடிப் புண்

சடலம் வைத்த சந்தூக்கு வாசல் படலையைத் தாண்டவும் ஞானசேகரம் ஐயாவின் றிக்‌ஷா வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் காரியதரிசி அவர். போவது யார் என்று தெரியாமலே தொப்பியைக் கழற்றினார். றிக்‌ஷாவை இழுத்து வந்தவன் மூச்சிரைக்க மதிலோரம் குந்தினான். அவனுக்குச் சங்கம் கிடையாது.

ஆண்களெல்லாம் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போய்விட்டார்கள். உம்மா இத்தாவில், கைம்பெண்ணின் தனிமையில், திரைக்குப் பின்னால் இருந்தா. அந்நிய ஆணோடு கதைக்க ஏலாது. மகள் பரீதாதான் முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவடிக்கு வந்தாள்.

“வண்டிக்கார ஸஹாப்தீன் எங்க?”

“வாப்பா இப்பதான் உங்களுக்கு முன்னால போனார்.”

ஐயா தொப்பியை இன்னொருமுறை கழற்றினார். பிறகு கோர்ட்டுக் கட்டளையை விரித்தார்.

“அனுதாபம் இருக்குது, பிள்ளை. ஆனா மாட்டின்ர கழுத்தில புண். வாயில்லாச் சீவன். வழக்கு முடியுமட்டும் எங்கட பொறுப்பில நிக்க வேணும்.”

“வழக்கு இனி ஆர் மேல?”

ஐயா கடதாசியைத் திருப்பிப் பார்த்தார்.

இறங்குதுறையில் அந்த ஒற்றை மாடு மூட்டை இழுத்துத்தான் இந்த வீட்டில் உலை ஏறியது. நாளையிலிருந்து மாமா ஓட்டுவதாகப் பேச்சு. மாடு போனால் மாமா எதை ஓட்டுவது?

கூட வந்த பொலிஸ்காரன் கயிற்றை இழுத்தான். மாடு கரைதட்டிய கப்பலாக நின்றது. வாப்பா நாக்கை அண்ணத்தில் இரண்டு தரம் சொடுக்கினால் மட்டும் அது அசையும். பரீதாவுக்கும் அந்தச் சொடுக்கு வரும். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“தள்ளுங்கோ சேர்!”

ஐயா தள்ளினார். அவரது கழுத்துப்பட்டி தோளுக்குப் பின்னால் போனது. கடைசியில் வேலியில் ஒரு கம்பை முறித்து மாட்டின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார்.

திரைக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது. “மகள், அடிச்சா வழக்கு வருமெண்டு அவருக்குச் சொல்லு.”

றிக்‌ஷாக்காரன் இருமுவதுபோலச் சிரித்தான். ஐயா கம்பைப் போட்டார்.

“நாளைக்கு லொறியோட வாறன்.”

றிக்‌ஷா மறைந்ததும் பரீதா முற்றத்துக்கு ஓடினாள். வாப்பாவைப் போலவே சொடுக்கினாள், இரண்டு தரம். ‘வா’ என்று கூப்பிடுவதாகத்தான் நினைத்தாள்.

மாடு அவளிடம் வரவில்லை. அவிழ்த்துவிட்டிருந்த வண்டியடிக்கு நேரே போனது. நுகத்தடிக்கு முன்னால் நின்று கழுத்தைத் தாழ்த்தியது. புண் அவள் உள்ளங்கையளவுக்கு விரிந்து சிவந்திருந்தது.

“மாடு போயிட்டுதா, மகள்?”

“இல்ல உம்மா.”

மாடு பாரத்துக்காகக் காத்து நின்றது. பரீதா முக்காட்டுத் தலைப்பால் ஈயை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.