இடப்பாதையின் காவலர்

2017 செப்டம்பர் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல், காஸலிலிருந்து டோர்ட்முண்ட் செல்லும் ஆட்டோபான் என்னும் அதிவேக நெடுஞ்சாலையில், மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் எல்லை விதிக்கப்பட்ட பகுதியில், ஒரு வெள்ளிநிறக் காருக்கும் ஒரு மஞ்சள் வேனுக்கும் இடையே நேர்ந்ததைக் குறித்து இரண்டு வழக்குகள் பதிவாயின. வானம் தெளிவாயிருந்தது, சாலை உலர்ந்திருந்தது. ஞாயிறன்று லாரிகள் ஓடத் தடை உண்டு ஆகையால், வலப்பாதை கழுவித் துடைத்த கூடம்போல் காலியாகக் கிடந்தது. வலப்பாதையில் செல்ல வேண்டும். முந்துவதற்கு மட்டுமே இடப்பாதைக்கு வர வேண்டும். முந்தியதும் வலப்பாதைக்குத் திரும்பிவிட வேண்டும். இதை அறியாதவருக்கு அந்நாட்டில் ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. அறிந்தே மீறியவர், விதிகளைக் காப்பதற்கென்றே தாம் பிறந்திருப்பதாக நம்பிய ஓட்மார் ஹெக்னர்.

கட்டட அனுமதி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். அண்டை வீட்டு வேலி விரற்கடை உயர்ந்தாலும் அளவுநாடாவோடு போய் நிற்பார். அலுவலகம் அவரை விட்டுவிட்டது. அவர்தான் அலுவலகத்தை விடவில்லை. அன்று அது காரின் இடப்பக்க ஓட்டுநர் இருக்கையில் ஏறி, நூற்றிருபதில் வேகத்தை நிறுத்தி, இடப்பாதையில் குடியேறியிருந்தது. அருகில் அவர் மனைவி கெர்லிண்டே, ஸோஸ்ட் ஊரில் இருந்த நாத்தனாரின் பிறந்தநாளுக்காகச் சுட்ட பிளம் கேக்கைத் தட்டோடு மடியில் வைத்திருந்தாள்.

"ஓட்மார், வலப்பக்கம் காலியாத்தானே கெடக்கு? ஒதுங்கேன்."

"எதுக்கு ஒதுங்கணும்? எல்லை நூத்திருபது, நான் போறதும் நூத்திருபது. என்னைவிட வேகமாப் போறவன் குத்தவாளி. அவனுக்கு நான் கதவைத் தொறந்து விடணுமா?"

"வேக முள்ளு எப்பவும் கூடத்தான் காட்டும். நெஜத்துல நாம நூத்திப் பதினஞ்சைக்கூடத் தொட்டிருக்க மாட்டோம்."

"நீ கேக்கைப் பாத்துக்கோ."

பின்னால் மஞ்சள் வேன் நெருங்கி விளக்கைச் சிமிட்டியது. ஓட்மார் கண்ணாடியில் அதைப் பார்த்து ஆள்காட்டி விரலை உயர்த்தி, பாடம் கவனிக்காத பிள்ளையை எச்சரிப்பதுபோல் ஆட்டினார். வேன் காத்திருந்தது, மறுபடியும் சிமிட்டியது, மறுபடியும் விரல் ஆடியது. இறுதியில் வேன், செய்யவே கூடாத ஒன்றைச் செய்தது: வலப்புறமாக முந்த முனைந்தது. வலப்பாதையில் சற்றுத் தொலைவில் கூண்டு வண்டியொன்றை இழுத்துக்கொண்டு ஒரு கார் ஊர்ந்தது. அதற்குள் வேன் இடப்பாதைக்கு வந்தாக வேண்டும். வர இடமும் இருந்தது.

அப்போது ஓட்மாரின் கார் ஒரு துள்ளுத் துள்ளிப் பாய்ந்தது. இடம் அடைபட்டது. வேன் கிறீச்சிட்டு ஓரத் தடுப்பில் உரசி, பக்கக் கண்ணாடியை இழந்து நின்றது. எவருக்கும் காயமில்லை. கெர்லிண்டேயின் வெள்ளை மேற்சட்டையில் மட்டும் வயிற்றின் குறுக்கே பிளம் சாறு ஊதாவாய்ப் பரவியது.

போலீஸை அழைத்தவர் ஓட்மாரேதான். அடுத்த ஓய்விடத்தில் நின்றுகொண்டு, அதிகாரிக்குப் பெருமிதத்தோடு விளக்கினார்.

"எட்டு கிலோமீட்டர், ஐயா! விளக்கைப் போட்டு மிரட்டியும் நான் எடத்தை விட்டுக் கொடுக்கல."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "எட்டு கிலோமீட்டருமா? வலப்பக்கம் வண்டி ஏதும் இருந்துச்சா?"

"கடைசியில வந்த கூண்டு வண்டி தவிர ஒண்ணுகூட இல்ல! முழுக்கக் காலி!"

"அப்போ உங்க பேரையும் முழுசாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

தாமே தம்மைப் பிடித்துக் கொடுத்ததை உணர ஓட்மாருக்கு நெடுநேரம் பிடித்தது.

இரு வழக்குகளும் ஒரே நாளில் விசாரணைக்கு வந்தன. வேன் ஓட்டியவள் ஸ்வென்யா லூட்கே. மருத்துவமனைகளிலிருந்து இரத்த மாதிரிகளை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசெல்பவள். அவள் பெயரில் ஏற்கெனவே ஏழு தண்டப் புள்ளிகள் இருந்தன. எட்டாவது ஏறினால் உரிமம் போகும், உரிமத்தோடு வேலையும் போகும். அந்த ஏழும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. பொறுமையின்மையால் ஒவ்வொன்றாகச் சம்பாதித்தவை. கெர்லிண்டே அதற்காக அவள்மேல் இரக்கப்படவில்லை.

நடைக்கூடத்தில் ஓட்மார் மனைவியின் காதருகே குனிந்தார்.

"அவளுக்கு வழிவிட நான் பிரேக் போட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான். வேற எதுவும் வேணாம்."

"போட்டியா?"

"கெர்லிண்டே, நாப்பது வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம்."

எதிர் பெஞ்சிலிருந்து ஸ்வென்யா குரல் கொடுத்தாள். "என்னம்மா, வீட்டுலயும் இடப்பாதை இவருதுதானா? குளியலறைக்காவது வழி விடுவாரா?"

அந்தப் பெண்ணின் வாய்த்துடுக்கு கெர்லிண்டேவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி சரியானது என்பதை மறுக்கவும் அவளால் இயலவில்லை.

நீதிபதி ஒரு நடுவயதுப் பெண். "நீங்க இவரோட மனைவி. இவருக்குப் பாதகமா எதுவும் சொல்லணும்னு கட்டாயமில்ல. பேசாமலே இருக்கலாம். ஆனா பேசினா, உண்மையைத்தான் பேசணும்" என்றார்.

பேசாமலிருப்பது அவளுக்குப் பழகிய வேலை. காரில், மேசையில், விருந்துகளில், அவர் பிழையாகச் சொன்னவற்றை அவள் மனத்துக்குள்ளேயே திருத்தி, வெளியே புன்னகைத்திருக்கிறாள். இன்றும் அப்படியே இருந்தால் வீட்டில் அமைதி நிலைக்கும். அந்தப் பெண்ணின் பெயரில் எட்டாவது புள்ளி ஏறும்.

"இவர் பிரேக் போட்டதாச் சொல்றார். நீங்க பக்கத்துல இருந்தீங்க."

கெர்லிண்டே எழுந்து நின்றாள்.

"என் மடியில பிளம் கேக் இருந்துச்சு. பிரேக் போட்டிருந்தா அது முன்னால பாய்ஞ்சு டாஷ்போர்டு பெட்டி மூடியில மோதியிருக்கும். மோதல. பின்னால சறுக்கி என் வயித்துல வந்து ஒட்டிச்சு. சட்டையில இன்னும் கறை போகல. வீட்டுலதான் இருக்கு, வேணும்னா கொண்டாறேன்."

"அப்படின்னா?"

"இவர் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சார். அந்தப் பொண்ணு உள்ள வரக்கூடாதுன்னே மிதிச்சார். ஒரு வண்டி நம்மள முந்தறப்ப வேகத்தைக் கூட்டக் கூடாதுங்கறது டிரைவிங் ஸ்கூல்ல மொத வாரப் பாடம்."

"கெர்லிண்டே!" என்றார் ஓட்மார்.

"உக்காரு, ஓட்மார். ஜட்ஜம்மா உன்னைக் கேக்கல." பின்பு ஸ்வென்யா பக்கம் திரும்பினாள். "நீ சிரிக்காத. பின்னாடியே வந்துகிட்டு இருந்திருந்தா உனக்கு ஒண்ணும் கொறஞ்சிருக்காது. வலப்பக்கமா முந்தறது புத்தி கெட்ட வேலை."

ஸ்வென்யா சிரிப்பை விழுங்கினாள்.

நீதிபதி அன்றே தீர்ப்பளித்தார். ஸ்வென்யா லூட்கே வலப்புறமாக முந்த முனைந்தது குற்றமே. ஆயினும் அவளை அந்நிலைக்குத் தள்ளியவர் முன்னால் சென்றவர் என்பதால், தண்டம் ஐம்பத்தைந்து யூரோவாகக் குறைக்கப்பட்டது. அறுபதுக்குக் கீழான தண்டத்திற்குப் புள்ளி இல்லை. அவள் உரிமம் பிழைத்தது. ஓட்மார் ஹெக்னர் இடப்பாதையை அடைத்ததும் வேகத்தைக் கூட்டியதும் தெரிந்தே செய்தவை என்று கொண்டு, அவருக்குரிய தண்டம் இரட்டிப்பாக்கப்பட்டு, அவர் பெயரில் ஒரு புள்ளியும் ஏற்றப்பட்டது. அவர் வாழ்வில் அதுவே முதற்புள்ளி.

வாகன நிறுத்துமிடத்தில் கெர்லிண்டே கை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார். இனி அவளே ஓட்டுவது என்றும், ஸோஸ்டுக்குப் போகும்போது கேக் தட்டை அவர் மடியில் வைத்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று.