காளவாசலுக்கு நடந்த வீடு

பேரையூர் முத்திருளனின் வீடு 1997 ஜூன் மாதம், பள்ளிக்கூடங்கள் திறந்த அன்று, முதல் மணி அடிக்கிற நேரத்துக்குக் காளவாசலை நோக்கி நகரத் தொடங்கியது. ஓட்டு வீடு, வாசலில் ஒரு கல்படி. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதனால் அவர் மனைவி ரெங்கம்மாளுக்கு மத்தியானம்வரை விஷயமே தெரியாது. துணி காயப்போடப் பின்கதவைத் திறந்தவள், துணிக்கொடிக் கம்பம் மட்டும் பக்கத்துத் தெருவில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஈரத்துணியோடு அங்கே நடந்து போய்க் காயப்போட்டுவிட்டு வந்தாள்.

எல்லாம் முத்திருளன் இழுத்துவிட்ட வேலை. மகன் அசோக்குமாரைப் பட்டணத்தில், காளவாசலில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தார். பிள்ளையைக் கேட்பார்கள் என்று பார்த்தால், அப்பனை இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து வழியெல்லாம் அவருக்கே கூசியது. மகன் ஒருநாளும் அப்படிச் சிரிக்கக்கூடாது. குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய் வேறு ஊரில் வைத்தால் சாமி அங்கே வந்து குடியேறும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்குப் பிடிமண் என்று பெயர். சாமிக்குச் செல்லுவது படிப்புக்கும் செல்லும் என்று அவர் கணக்குப் போட்டார். பள்ளி மைதானத்து மண்ணை ஒரு பிடி அள்ளித் துண்டில் முடிந்து வந்து, தன் வீட்டுக் கல்படிக்கு அடியில் புதைத்தார். படிப்பு வரக் காணோம். வீடு கிளம்பிவிட்டது.

அசோக்குமாரைப் பள்ளி வேன் வந்து ஏற்றிக்கொண்டது. அவனுக்கு ஒரு வயது மூத்த மீனா பேரையூர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. "பொம்பளப்பிள்ளைக்கு இது போதும்ல" என்று முத்திருளன் ஒரே பேச்சில் முடித்திருந்தார். வீடு பள்ளி நேரத்தில் மட்டும் நகர்ந்தது. கடைசி மணிக்கு எங்கே நிற்கிறதோ அன்றைக்கு அதுதான் ஊர். மீனா சாயங்காலம் பஸ்ஸில் வந்து வீட்டைத் தேடவேண்டும். "ஒங்க வீடு உசிலம்பட்டி தாண்டிருச்சு தாயி, கண்ணசந்துறாத" என்று கண்டக்டர்கள் சொல்லிவிடுவார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்க்கலாமென்றால், நாளைக்கு வீடு எந்த ஊரில் நிற்குமென்று யார் சொல்வது? அந்த மண்ணைத் தோண்டி எறியச் சொல்லி ரெங்கம்மாள் மன்றாடினாள்.

"வச்ச பிடிமண்ண எடுத்தா சாமிகுத்தமாயிரும். பேசாம இரு" என்றார் முத்திருளன்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் மண் எடுத்து வந்தார்கள். தேனி ரோட்டில் வீடுகள் வரிசையாக ஊர்ந்தன. பின்சுவரில் சிவப்பு விளக்கு மாட்டவேண்டும் என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள், மாட்டினார்கள். பேரையூர் அரசுப் பள்ளியில் பெஞ்சுகள் காலியாகின. அசோக்குமாருக்கு இங்கிலீஷ் நன்றாக வந்தது, கால்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு அசையாமல் கிடக்கும்போதும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தபடியேதான் சாப்பிட்டான். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அப்பாவை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னான். முத்திருளன் போய் நின்றார். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை.

வீடு செக்கானூரணி தாண்டிய வருஷம் மீனா ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள், வயதுக்கும் வந்தாள். சமைந்த பிள்ளை அம்புட்டுத் தூரம் பஸ்ஸில் போய் வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். "நான் படிக்கணும்மா" என்று கேட்டாள். "ஒங்கப்பன்கிட்டச் சொல்லு" என்றாள் ரெங்கம்மாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அப்பனிடம் சொல்லி ஒன்றும் ஆகவில்லை. அப்பன் செய்ததை மகளும் செய்தாள். வீட்டுக் கல்படி ஓரத்திலிருந்து ஒரு பிடி மண்ணைத் தாவணியில் முடிந்தாள். புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் பேரையூர் போய், ஒன்பதாம் வகுப்பு அறையின் வாசலில் புதைத்துவிட்டு வந்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வீடு காளவாசல் போய்ச் சேர்ந்து, பள்ளியின் காம்பவுண்டுச் சுவரில் முட்டி நின்றது. மீனா தம்பிக்கு டிபன் கட்டினாள், டை தேய்த்தாள், மேற்கே ரோட்டைப் பார்த்தாள். வந்துவிடும் என்று ஒருநாள் தோன்றும், மறுநாள் தன் புத்தியை நினைத்து அழுகை வரும். இதற்குள் முத்திருளன் தன் தங்கச்சி மகன் பேயாண்டிக்கு அவளைப் பேசி முடித்தார். தை பிறந்ததும் பரிசம்.

பரிசத்தன்று காலை, தட்டும் மாலையுமாக வந்தவர்களுக்கு வீட்டு வாசல் கிடைக்கவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு பேரையூர் ஒன்பதாம் வகுப்பு நின்றது. கரும்பலகை, உடைந்த ஜன்னல், உள்ளே அன்னக்கொடி டீச்சர், வழியெல்லாம் ஏறிக்கொண்ட ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். வீட்டுக்குள் போக வேறு வழியில்லை. தட்டோடு வந்தவர்கள் கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். "அண்ணே, அந்த மாலையக் கொஞ்சம் எறக்கிப் பிடிங்க, பிள்ளைகளுக்குப் போர்டு தெரியல" என்றார் டீச்சர். பிறகு பெயர் கூப்பிட்டார். "மீனா." காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "உள்ளேன் டீச்சர்" என்று முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

விஷயம் புரிந்துபோன முத்திருளன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வகுப்பின் வாசலைத் தோண்டப் போனார். ரெங்கம்மாள் குறுக்கே நின்றாள். "வச்ச பிடிமண்ண எடுத்தா சாமிகுத்தம்னு நீங்கதான சொன்னீக?" அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். கணக்குப் பாடம் முடிகிற வரை இருந்துவிட்டு, பேயாண்டி வீட்டார் தட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

இப்போதும் அந்த வீட்டுக்கு ஒன்பதாம் வகுப்பு வழியாகத்தான் போகவேண்டும். பால்காரர் டீச்சரிடம் சொல்லிவிட்டு உள்ளே போவார். பத்தாம் வகுப்பு அறைக்கு மீனா அந்தக் கோடையிலேயே போய் மண் வைத்துவிட்டு வந்தாள், அது திருமங்கலம் சுற்றி வந்தது. அசோக்குமார் முதலில் தலையைக் குனிந்துகொண்டு வகுப்பின் நடுவே ஓடினான், பிறகு நடந்தான். ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸோடு வந்தவன் கடைசி பெஞ்சில் இடம் இருந்ததைப் பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டான். பக்கத்தில் முத்திருளன் இருந்தார். அவர் சும்மா பாடம் கேட்கத்தான் வந்திருந்தார். மகனுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.