கேலி செய்யப்படாத லாமெக்

1

இந்தக் கதை, சொல்லப்படாத ஒரு கேலியிலிருந்து பிறந்தது. என் கணவர் லாமெக்கின் சவக்குழிக்குள் நின்றுகொண்டு அவருடைய நண்பர் கசோண்டே வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

(நாங்கள் ங்கோனி இனத்தார். கசோண்டே பெம்பா இனம். இரண்டு இனத்து முப்பாட்டன்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். பிறகு களைத்துப்போய் மச்சான் முறை வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்டுவதும் அவர்கள் வேலை, செத்தவரை வாய்க்கு வந்தபடி கேலி செய்வதும் அவர்கள் வேலை. எலி தின்னி ஒழிந்தான் என்பார்கள். அவர்கள் வீட்டுச் சாவில் குரங்கு தின்னி ஒழிந்தான் என்று நாங்கள் பாடுவோம். அழுகிற வீட்டில் சிரிப்பு வந்தே தீரவேண்டும்.)

கதையில் என் பெயர் எஸ்னார்ட். நிஜத்திலும் அதுதான். ஆனாலும் 'அவள்' என்றே எழுதப்போகிறேன். சற்றுத் தள்ளி நின்றால்தான் எழுத வருகிறது.

2

முதல் தொடக்கம்: "ண்டோலா நகரின் செம்புக் குன்றுகளுக்குப் பின்னே சூரியன்..."

வேண்டாம். லாமெக் புவியியல் ஆசிரியர். சூரியனைக் கதைக்குள் இழுத்தால் திசை கேட்பார்.

இரண்டாவது: கசோண்டேயின் மருந்துக்கடை வாசல். மின்சாரம் போன மாலை. இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு தட்டு வறுத்த நிலக்கடலை. மெழுகுவர்த்தி வாங்க வந்த எஸ்னார்ட் அங்கேயே நின்றுவிட்டாள்.

"பாத்தியா மச்சான், மறுபடி போச்சு," என்றார் கசோண்டே. "அறுபது வருஷமா நாடு நம்ம கையில. ஒரு விளக்கு எரிய வைக்கத் துப்பில்ல. இந்தக் கண்டம் முழுக்க இதே கததான். வெள்ளக்காரன் சொன்னது சரி. நம்ம மண்டையிலயே ஏதோ கொறச்சல்."

"உன் மண்டையப் பத்திச் சொல்லு, ஒத்துக்கிறேன். குரங்கு தின்னா அப்படித்தான்," என்றார் லாமெக்.

"நான் வெளையாடல."

"நீ எப்பதான் வெளையாடின? கடலையத் தள்ளு."

இப்படியே வருடக்கணக்கில். மச்சான் முறையில் ஒரு வசதி, எதையும் சொல்லலாம். ஒரு சங்கடம், எது கேலி, எது நம்பிக்கை என்று யாருக்கும் தெரியாது. கசோண்டேவுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

3

லாமெக் மருத்துவமனையில் மூச்சுக் கருவியில் இருந்தபோது மின்சாரம் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. அப்போது எஸ்னார்ட்

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

4

எழுத உட்கார்ந்ததே லாமெக்கை ஜெயிக்க வைக்கத்தான். உயிரோடு இருந்தவரை அவர் எந்த வாதத்திலும் ஜெயித்ததில்லை, சிரித்து மழுப்பிவிடுவார். ஆகவே அவருக்கு ஒரு பேச்சு எழுதினேன்:

"கசோண்டே, சுரங்கத்தில் நம் தாத்தாக்கள் செம்பு வெட்டினார்கள். தொழிற்பயிற்சியை மட்டும் முதலாளிகள் வெள்ளையருக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கற்றுக்கொள்ள முடியாதவனுக்கு எதற்குத் தடை? மாடுகள் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது என்று யாராவது பலகை மாட்டுவார்களா?"

நல்ல பேச்சு. அந்த மாடு எனக்கே பிடித்திருக்கிறது. ஆனால் லாமெக் இவ்வளவு நீளமாகப் பேசமாட்டார், கடலை தீர்ந்துவிடும். தவிர, இதெல்லாம் கசோண்டேவுக்கும் தெரியும். தெரிந்துதான் இருட்டில் உட்கார்ந்திருந்தார். வரலாறு நம் பக்கம் என்பதற்காக விளக்கு எரிந்துவிடாது. அவருக்கு வலித்தது அந்த இடத்தில்தான்.

5

குழி. முறைப்படி, கோழி கொடுத்தால்தான் ஏறுவேன் என்று கசோண்டே உள்ளே படுத்து அடம்பிடிக்க வேண்டும். இறங்கினார். நின்றார். பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

எஸ்னார்ட் விளிம்புக்கு வந்தாள். "என்ன குரங்கு தின்னி, நாக்க வீட்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

"தங்கச்சி, இன்னிக்கு வாயத் தொறந்தா கரண்டப் பத்தித்தான் வரும். அது கேலியா இருக்காது. நான் சொன்னதுதான் நடந்திருக்கு."

"என்ன நடந்திருக்கு? எவனோ ஒருத்தன் டீசல முழுங்கிட்டான். அவனுக்கு ஒரு பேரு இருக்கு, உக்கார ஒரு நாற்காலி இருக்கு. அவன விட்டுட்டு எங்க பாட்டி, உங்க பாட்டி, பொறக்காத புள்ள வரைக்கும் எதுக்குய்யா இந்தக் குழிக்குள்ள இழுக்குற? எல்லாரையும் போடணும்னா இடம் பத்தாது. ஏறி வந்து மம்பட்டிய எடு, இன்னும் பெருசா வெட்டு!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். கசோண்டே தலையைத் தூக்கி

(நிறுத்துகிறேன். இதில் எதுவும் நடக்கவில்லை. இரண்டு பெண்கள் எஸ்னார்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கசோண்டே பேசாமல் ஏறி வந்தார், பெட்டி பேசாமல் இறங்கியது. இந்தப் பதில் எனக்கு நேற்றுத்தான் கிடைத்தது, பூசணி இலை நறுக்கும்போது.)

6

கேலி இல்லாமல் போன ங்கோனியை நான் கேள்விப்பட்டதில்லை. லாமெக் பாதி வழியில் நின்று, பின்னால் யாராவது சிரிக்கிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை கல்லறையில் அவர் பெயர் பொறித்த கல்லைத் திறந்துவைக்கிறோம். கசோண்டே வந்து பேசவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். என் பதிலை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதற்கு அவர்?

ஒன்று, அழுகிறார். (மலிவு.) இரண்டு, ஒத்துக்கொள்கிறார். (நடக்காது, அவர் பெம்பா.) மூன்று: "அந்த டீசல் திருடனும் நம்ம ஆளுதானே தங்கச்சி?" இதுதான் எனக்குப் பயம். இதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

செத்தவருக்கு வசனம் எழுதலாம், அவர் மறுக்கமாட்டார். உயிரோடு இருப்பவருக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் தோலைப் பற்றி, உங்கள் ஆட்களின் மண்டையைப் பற்றி, எவனாவது ஒருநாள் இப்படிச் சொல்லியிருப்பான். ஒருவேளை உங்கள் வீட்டிலேயே யாராவது. ஆகவே நீங்கள் எழுதுங்கள். ஞாயிறு வரை நேரமிருக்கிறது. கசோண்டேயின் வாயில் ஒரே ஒரு வரி வையுங்கள்.

லாமெக் சிரிக்க வேண்டும். வேறு நிபந்தனை இல்லை.