மகேந்திரன் போட்ட கோடு

கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைத் தவிர மற்ற எல்லாம் முடிந்திருந்தது. மகேந்திரன் தன் கையால் செய்த பேஸ் கிட்டார் ஓராண்டாக ஈப்போ புந்தோங் வீட்டின் முன்னறையில், துணி போர்த்தியபடி சுவரில் சாய்ந்து நின்றது. அந்த ரப்பர் மரப் பலகையை இழைத்தபோது, "எங்கப்பா ஆயுசு பூரா இதோட தோலைச் சீவினாரு, நான் உள்ள இருக்குறதைச் சீவுறேன்" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தவர், ஒரு நாள் காலையில் பிரிட்ஜுக்காகப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, அதன் மேலே பிள்ளையார் சுழியும் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். குவாரியிலேயே நெஞ்சுவலி வந்து விழுந்துவிட்டார். வீட்டுக்கு உடல்தான் வந்தது.

வரும் ஞாயிறு வருஷத் திதி. படையல் முடிந்ததும், அவரோடு கல்யாணங்களில் வாசித்த குழு வந்து சில பக்திப் பாட்டு வாசிப்பதாகப் பேச்சு. அதில் இந்தப் பேஸும் ஒலிக்க வேண்டும் என்று அவர் மனைவி புஷ்பலதா விரும்பினாள். அதற்காகத்தான் குழுவில் கிட்டார் வாசிக்கும் கோகிலன் டிரில்லும் கிளாம்பும் எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு தம்பி. அந்தக் கோடு அழியக் கூடாது."

"தொடமாட்டேன் அண்ணி. பிரிட்ஜ் தகட்டோட முன்னோரத்தைக் கோட்டுல ஒட்டி வைப்போம். கோடும் சுழியும் வெளிய தெரியும். அழகா இருக்கும்லா."

பிரிட்ஜ் என்பது கனத்த இரும்புத் தகடு. கம்பிகள் உட்காரும் சின்னத் துண்டுகள் அதன் முன்னோரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி இருந்தன. தகட்டைக் கிளாம்பால் இறுக்கி, ஒரு கம்பியை மட்டும் மாட்டிச் சுருதி சேர்த்தான் கோகிலன். விரல் வைக்காத வெறும் கம்பி சரியாக ஒலித்தது. கழுத்தில் குறுக்கே பதித்த பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். வந்த சுரம் இறங்கிக் கிடந்தது. சின்னத் துண்டைத் திருக முடிந்த வரைக்கும் முன்னால் தள்ளிப் பார்த்தான். சுருதி காட்டும் டியூனரின் முள் நடுவுக்கு வரவே இல்லை.

"கம்பி நீளமாப் போச்சு," என்று தலையைச் சொறிந்தான். "அண்ணே கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டாரு போல."

"அவரா? ஒரு ஆணி அடிக்கறதுக்கே காலையெல்லாம் அளந்துகிட்டு நிப்பாரு. தோசை ஆறிப் போகும்."

"மனுசன்தானே அண்ணி."

புஷ்பலதா ஈப்போ டவுனில் திரைச்சீலைக் கடையில் தைப்பவள். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து வந்தாள். எங்கிருந்து அளப்பது என்று கோகிலன் காட்டினான்: கழுத்தின் உச்சியில் கம்பி தொடங்கும் இடத்திலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை ஒரு பாதி, அங்கிருந்து கம்பி உட்காரும் இடம் வரை மறுபாதி, இரண்டும் சமமாக இருக்க வேண்டும். அளந்தாள். முதலில் மேல் பாதி, பிறகு ஃபிரெட்டிலிருந்து கோடு வரை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

டேப்பைச் சுருட்டாமல் தகட்டைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன அண்ணி?"

"நாங்க துணியில கோடு போட்டா, அது மேலதான் தையல் ஓடும். துணி அதுக்கு அப்பாலயும் இருக்கும். அவரு கம்பி உட்கார்ற இடத்துக்குக் கோடு போட்டிருக்காரு. நாமதான் தகட்டு ஓரத்தைக் கொண்டுபோய் அதுல வச்சிட்டோம்."

கோகிலன் குனிந்து பார்த்தான். "அட, ஆமாலா." உடனே அவன் குரல் இறங்கியது. "அப்ப தகட்டை முன்னுக்குக் கொண்டாரணும். கோடு அடியில போயிரும் அண்ணி. சுழியும்."

தான் விளக்கிச் சொல்லும்போதே அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய சட்டைகளைக் கொடுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளை அவர் தம்பி எடுத்துக்கொண்டான். அவர் கை பட்டது பட்டபடியே நிற்பது அந்தப் பென்சில் கோடு ஒன்றுதான். வேலை முடிந்து வந்தால், துணியை விலக்கி அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

"போட்டோ எடுத்து வச்சுக்கலாமா?"

"போன்ல அவரே இருக்காரு. போட்டோவுக்கா பஞ்சம்."

"வேணும்னா இப்படியே விட்டுடலாம். ஞாயித்துக்கிழமை மேல போகாம, கீழயே வாசிச்சுச் சமாளிச்சுக்கிறேன். போலேலா, செஞ்சுடலாம், யாருக்கும் தெரியாது."

"உங்க ஆளுங்களுக்குக் காது இல்லையா? செஞ்சவனுக்கு அளக்கத் தெரியலன்னு நெனைப்பாங்க."

அவள் தரையில் உட்கார்ந்தாள். கோட்டின் பக்கத்தில், அதைத் தொடாமல், விரலை ஓட்டினாள். கோகிலன் டிரில்லைக் கீழே வைத்தான்.

"சுழி போட்டது வேலை தொடங்கத்தானே," என்றாள் கடைசியில். "வை தம்பி."

கிளாம்பைத் தளர்த்தித் தகட்டை முன்னுக்கு நகர்த்தினான். முதலில் கோடு மறைந்தது, பிறகு சுழி. அவள் இரண்டு கைகளாலும் தகட்டை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டிரில் இறங்க இறங்க வெளிறிய மரத்தூள் அவள் விரல்களில் படிந்தது. திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கியபின், "போதும் அண்ணி, இனி அசையாது," என்றான். அவள் உடனே கையை எடுக்கவில்லை. அவனும் அவசரப்படுத்தவில்லை.

கம்பிகளை மாட்டி, தடித்த கம்பியின் துண்டை மட்டும் இம்மியளவு பின்னுக்குத் திருகினான். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினான். முள் நடுவில் நின்றது. மற்ற மூன்றிலும் அப்படியே.

"அண்ணே சரியாத்தான் போட்டிருக்காரு."

"அதை ஞாயித்துக்கிழமை வர்றவங்ககிட்ட நீயே சொல்லு," என்றாள் புஷ்பலதா. "அளந்தது அவருன்னு. இனிமே பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது பாரு."