கம்மல் தேடும் கும்பிடு

கையை வட்டமாக வீசித் தங்கை குனியத் தொடங்கும்போதே இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து நின்றாள்.

"சின்னம்மா, இன்னிக்கு மட்டும் எங்க மாதிரி கும்பிடுங்க."

முன்னறைக் கட்டிலில் அக்காவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் தரையைத் தொட்டுக் கும்பிடுவார்களே, கடைசியாக ஒருமுறை அப்படிக் கும்பிட அவளுடைய மாணவிகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மூத்த மாணவிக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தவளே அக்காதான். யார் முழங்கை துளி இறங்கினாலும் பிடித்துவிடுவாள். இப்போது தாளம் தட்டும் கழி அவள் கையில்.

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் எதிரெதிராகக் கடை போட்டவர்கள். முன்னறையில் அக்காவின் பரதம், பின்னறையில் தங்கையின் பரதம், பாணி வேறு. அக்கா முதுகு நிமிர்ந்தபடி நேராக உட்கார்ந்து தரையைத் தொடுவாள். தங்கை உடம்பையே வளைத்து இறங்குவாள். கீழே விழுந்த கம்மலைத் தேடுகிறாள் என்பாள் அக்கா. நீ கதவுக்கு அடித்தாழ்ப்பாள் போடுகிறாய் என்பாள் தங்கை. ஆனாலும் ஒருத்தி கடைக்கு வந்த பிள்ளையை மற்றவள் கைதட்டிக் கூப்பிட்டதில்லை.

முந்தாநாள், படுத்தபடியே, கம்மலைத் தேடு பார்க்கலாம் என்று கேட்டாள் அக்கா. போகிற உயிர், மனம் குளிரட்டும் என்று தங்கை முதுகை நிமிர்த்தி அக்கா மாதிரியே கும்பிட்டாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சாகப்போறவ தலையிலயா போலிச் சரக்கக் கட்டற?"

பிறகுதான் தங்கை தன் வழியில் கும்பிட்டாள். அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"முதுகு இன்னும் கொஞ்சம் வளையணும்டி. உனக்குச் சொல்லிக்குடுத்த டீச்சர் வளைப்பாங்களே."

குறுக்கே நின்ற இன்ஸ்பெக்டர் நகரவில்லை. டீச்சர் ஆத்மா என்ன பாடுபடும், வந்தவர்கள் என்ன பேசுவார்கள் என்று அடுக்கினாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

"உங்க மாதிரி கும்பிட்டுத்தான் உங்க டீச்சர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். தள்ளு."

"நான் தட்ட மாட்டேன், சின்னம்மா."

"தட்டாத."

தாளத்தைத் தங்கை தன் காலாலேயே போட்டுக்கொண்டாள். வலது, இடது. மேசைமேல் மருந்துப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கைகள் அகலமாக வட்டமிட்டன. முதுகு வளைந்தது, வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் இன்னும் கொஞ்சம் வளைந்தது.

அவ்வளவு இறங்கியபோதுதான் கட்டிலுக்கடியில் அக்காவின் செருப்பு தெரிந்தது. ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தரையைத் தொட்ட கையாலேயே அதைத் திருப்பி, ஜோடியாக வைத்துவிட்டு எழுந்தாள்.