பூட்டக் கூடாத வீடு

கோட்டாறு சந்தையில் ஜேசுதாஸின் வாக்குக்கு விலை நான்கு லட்சம் ரூபாய். காகிதம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். "அண்ணாச்சி, பொன்னி அரிசி முப்பது மூட்டை" என்று போனில் சொன்னால் மறுநாள் வண்டி கடை வாசலில் நிற்கும். அந்தத் தொகை வரைக்கும் மொத்த வியாபாரி முத்துநாயகம் அவரை நம்புவார். அதற்கு மேல் ஒரு மிளகாய் வற்றலுக்குக்கூட நம்பமாட்டார். வியாபாரத்தில் ஒருவனுடைய மதிப்பை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பாக்கி ஏறி ஏறி எந்த இடத்தில் வண்டி வராமல் போகிறதோ, அதுதான் அவன் விலை.

இப்போது பாக்கி மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரத்தில் நின்றது.

திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் அவருக்கு மளிகைக் கடை. எதிரே ஏசி போட்ட பெரிய கடை ஒன்று வந்துவிட்டது. அங்கே பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து ஊர்வலம் போகலாம். ரொக்கம் உள்ளவர்கள் அங்கே போனார்கள். ரொக்கம் இல்லாத மாதக் கடைசியில் மட்டும் ஜேசுதாஸை நினைத்துக்கொண்டார்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் ஆறு லட்சத்து நாற்பதாயிரம். சபையில் சத்தியபாய் நடத்தும் சீட்டை முன்கூட்டியே எடுத்தாயிற்று. கட்ட வேண்டியது இன்னும் தொண்ணூறாயிரம்.

அந்த நேரத்தில்தான் மனைவி ரெஜிஷாவின் தம்பி பிரபின் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டான். கிடங்கு ஒன்றில் சரக்குக் கணக்கு பார்க்கும் வேலை, முப்பதாயிரம் சம்பளம், ஒன்றாம் தேதி சேர வேண்டும். "குடும்பத்தோட வந்துருங்க அத்தான். இஞ்ச வாடகைக்கு வீடு இருக்கு."

ஜேசுதாஸுக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கடன் கொடுத்தவர்களின் முகங்கள் வந்து நின்றன. சம்பளக்காரன் ஊர் மாறினால் அதற்குப் பேர் மாற்றல். வியாபாரி மாறினால் ஓட்டம். சாமான் ஏற்ற ஒரு லாரி வாசலில் நின்றால் போதும், கொடுத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் வந்துவிடுவார்கள். மற்றவன் இன்னும் கேட்கவில்லை என்று ஒவ்வொருவனும் நம்புகிற வரைக்கும்தான் கடன்பட்டவனுக்குச் சோறு இறங்கும்.

"ஏட்டி, ஒருத்தருட்டயும் மூச்சு விடாத. உனக்க அம்மைக்கிட்டகூட."

"நான் யாருட்ட சொல்லப் போறேன்?" என்றாள் ரெஜிஷா.

அவள் சொன்னபடியே ஒரு மனிதரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் முடிந்து, சபையார் ஜெபப் பெட்டியில் எழுதிப் போட்டிருந்த விண்ணப்பங்களைப் போதகர் வாசித்தார். முட்டத்தில் ஒருவருக்கு மூட்டுவலி. ஒரு பையனுக்கு விசா. அதற்கடுத்து: "கோயம்புத்தூருக்குக் குடிபெயர்வதா வேண்டாமா என்று தவிக்கும் சகோதரர் ஜேசுதாஸ் குடும்பத்தாருக்கு ஆண்டவர் நல்வழி காட்டும்படியாக."

"ஆமென்" என்றது சபை. சத்தியபாயின் ஆமென் தனியாகக் கேட்டது. வெளியே இருந்த கூம்பு ஒலிபெருக்கி அதை டீக்கடைக்கும் ஆட்டோ நிறுத்தத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டது.

ஜேசுதாஸின் சட்டை முதுகோடு ஒட்டியது. வீட்டுக்குள் நுழைந்ததும் ரெஜிஷாவிடம் பாய்ந்தார்.

"பேரையாவது எழுதாம விட்டிருக்கலாமே, பாவி!"

"பேரு எழுதாத ஜெபம் யாருக்குப் போய்ச் சேரும்?" என்று ரெஜிஷா அழுதாள். "எனக்குப் பேடியா, பயமா இருந்து. யாருட்டயாவது சொல்லணும்போல இருந்து."

மத்தியானம் சத்தியபாய் வந்தாள். "நான் பைசா கேக்க வரல்ல மக்கா. ஜெபிக்க வந்தேன்." முழங்காலிட்டு உருக்கமாக ஜெபித்தாள். கண்ணைத் திறந்ததும், "மிச்சம் பதினெட்டுத் தவணை இருக்கு, என்னா?" என்றாள்.

அதன் பிறகு வாசலில் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் மகள் அபிதா டிவியின் ஒலியைக் குறைத்தாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கோட்டாறுக்குப் போன் செய்தார் ஜேசுதாஸ். எடுத்தவன், "வண்டி இல்ல" என்றான். எப்போது வரும் என்று கேட்டதற்கு, "அண்ணாச்சி உம்மள நேர்ல வரச் சொன்னாரு" என்றான்.

பஸ்ஸில் அவருக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. கடியப்பட்டணம் பக்கம் ஒரு கடைக்காரன் பணம் தராமல் இழுத்தடித்தபோது முத்துநாயகம் சண்டை போடவில்லை. அவனுடைய மகளின் நிச்சயத்துக்கு இரண்டு ஆட்களோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான், இவர்கள் யார் என்று விசாரித்தார்கள்.

"வாரும் வே, இரியும்" என்றார் முத்துநாயகம். டீ வந்தது. "பிள்ள நல்லாப் படிக்காளா? வீட்டுக்காரி சொகமா?" ஒவ்வொரு விசாரிப்பும் தராசுத் தட்டில் வைக்கிற படிக்கல்லாக இறங்கியது.

"அண்ணாச்சி, நான் ஓடல்ல."

"ஓடுதவன் மைக்கு வச்சுச் சொல்லிட்டா வே ஓடுவான்?" முத்துநாயகம் சிரித்தார். "போறது நல்லதுதான். இஞ்ச இருந்து ஈ ஓட்டினா எனக்கு என்ன வரும்? அங்க சம்பளம் வாங்கி மாசம் எட்டாயிரம் அனுப்பும். ஆனா நீரு மட்டும் போம். வீட்டுக்காரியும் பிள்ளையும் இஞ்சயே கடையப் பாத்துக்கிட்டு இருக்கட்டும். ரொக்கத்துக்குச் சரக்கு நான் ஏத்தி விடுதேன். வீடு பூட்டாம இருந்தா ஊரு பதறாது பாத்துக்கிடும்."

"எவ்வளவு நாளைக்கு அண்ணாச்சி?"

"கணக்கு தீருத வரைக்கும். நம்ம ஆளுவ அந்தப் பக்கம் போகும்போ ஒரு எட்டுப் பாத்துக்கிடுவானுவ. ஒரு துணைதான?"

ஜேசுதாஸ் சரி என்றார். நன்றி என்றும் சொன்னார். எதற்கு நன்றி சொன்னோம் என்பது பஸ் பார்வதிபுரம் தாண்டும்போதுதான் உறைத்தது.

ரெஜிஷா முழுவதையும் கேட்டாள். "அப்பம், நகையக் கொண்டு வச்ச மாதிரி எங்கள வச்சிட்டு வந்திருக்கிய."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நகைக்காவது ரசீது தருவான்" என்றாள். பிறகு, "அந்த எட்டாயிரத்துல வட்டி எவ்வளவு?"

அதை அவர் முத்துநாயகத்திடம் கேட்கவில்லை. வெண்டைக்காய்க்கே மூன்று தரம் பேரம் பேசுகிற மனிதர், அந்தக் கேள்வியைக் கேட்க மறந்து வந்திருந்தார். கெடு தாண்டிய பாக்கிக்கு நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டி என்பது கோட்டாறு வழக்கம். அபிதா போனில் கணக்குப் போட்டாள். "முதல் மாசம் வட்டிக்கே ஐயாயிரத்து எழுநூத்தி எழுபத்தஞ்சு போவும். இப்படிக் கெட்டினா தீர ஏழு வருசத்துக்கு மேல ஆவும்பா." அந்த ஏழு வருடமும் தெருவில் யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. ஜன்னலை மட்டும் பார்த்தாள்.

ரெஜிஷா போனை வாங்கினாள்.

"அண்ணாச்சி, நான் ஜேசுதாஸுக்க வீட்டுக்காரி பேசுதேன். நாங்க இருக்கணும்னா வட்டி இருக்கக் கூடாது. வட்டி இருக்கும்னா நாங்களும் கூடப் போறோம். பூட்டின வீட்டுக்கு முன்னால நீங்க நின்னுக்கிடுங்க. வீட்டுப் பத்திரமும் பேங்குலதான் இருக்கு."

அவளுடைய மற்றொரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. மறுமுனையில் தராசில் மூட்டை விழும் ஓசை கேட்டது.

"வட்டி வேண்டாம்" என்றார் முத்துநாயகம் கடைசியில். "ஆனா ஒரு மாசம் தவறிச்சுன்னா, பழைய வட்டியும் சேர்த்துத்தான். கேட்டியா மக்கா?"

"கேட்டேன் அண்ணாச்சி."

போனை வைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுவந்த ஜேசுதாஸிடம், "போங்க" என்றாள். "நீங்க மட்டும் போங்க. சேந்து போனா இந்த ஜென்மத்துல திரும்பி வர முடியாது."

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் மூன்று பேரும் உட்கார்ந்து கணக்கைக் கூட்டினார்கள். வெளியே ஒரு பைக் வேகம் குறைந்தது. இஞ்சின் அணையவில்லை. பிறகு போய்விட்டது. யாரும் எழுந்து பார்க்கவில்லை.

வரவு: சம்பளம் முப்பதாயிரம், கடையில் மிஞ்சுவது ஏழாயிரம். ஆக முப்பத்தேழாயிரம்.

செலவு: வங்கித் தவணை பதினோராயிரத்து இருநூறு, முத்துநாயகத்துக்கு எட்டாயிரம், சீட்டு ஐயாயிரம், அங்கே அவருடைய அறையும் சாப்பாடும் ஆறாயிரத்து ஐந்நூறு, இங்கே வீடும் படிப்பும் ஒன்பதாயிரம். ஆக முப்பத்தொன்பதாயிரத்து எழுநூறு.

தவறக் கூடாத மாதங்கள் நாற்பத்தொன்பது. சீட்டு முடிகிற வரைக்கும் மாதம் ஒன்றுக்குத் துண்டு இரண்டாயிரத்து எழுநூறு.