மானிட்டரில் மஞ்சள்

இந்த மானிட்டரைக் கடத்தூர் சந்தையில் சும்மா வைத்துவிட்டு வந்தால்கூட எவனும் தொட மாட்டான். ஒரு நாள் நீலமடிக்கும், ஒரு நாள் மஞ்சளடிக்கும். எட்டு வருடமாக இதைக் கட்டிக்கொண்டு ஸ்டுடியோ நடத்துகிறேன். என் பொறுமைக்குக் கோயிலே கட்டலாம்.

காலையில் கடை திறந்ததும் மலர்விழி வந்து நின்றாள். நாளை அவள் அப்பா சென்றாயனுக்குப் பதினாறாம் நாள் காரியம். மாலை போட்டு வைக்கும் பெரிய படத்தை நேற்றுதான் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"கோகிலாக்கா, அப்பா கண்ணு மஞ்சளா வந்திருக்குதுங்க. கடைசியில ஆஸ்பத்திரியில பார்த்த மாதிரியே இருக்குது, வூட்டுல வைக்கவே வேணாம்னு அம்மா அழுவுது. நல்லா இருந்தப்ப எடுத்ததுதானேங்க இது? வேற படமும் இல்லீங்க."

"எல்லாம் இந்த சனியன் புடிச்ச மானிட்டர் பண்ற வேலை. உக்காரும்மா, இன்னைக்கு இதை ஒரு வழி பண்ணிடறேன்."

வெளிச்சம் படாமல் கதவை ஒருக்களித்தேன். சென்றாயன் படத்தைத் திரையில் திறந்து, பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி நிறுத்தி, பின்பக்கத்துப் பட்டனைத் தடவித் தடவி அழுத்தினேன். பிரைட்னஸைக் குறைத்தால் தலைமுடி மொத்தையாகக் கறுக்கிறது. சிவப்பைக் குறைத்தால் முகம் பச்சையடிக்கிறது. சரியாக வரும் நேரத்தில் மெனு மறைந்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அட தரித்திரமே! ஒன்றரை மணி நேரம் உயிரை வாங்கிவிட்டது.

கடைசியில் தாளும் திரையும் ஒரே வெள்ளையானது. அவர் சட்டை வெள்ளை. பின்னால் தொங்கும் துணி வெள்ளை. கண் மட்டும் மஞ்சள். ஆத்திரத்தில் மேசையை ஓங்கிக் குத்தினேன்.

"இது எடுத்த அன்னைக்கு அப்பாவுக்கு நீங்க குடுத்த பாஸ்போர்ட் போட்டோல கண்ணு வெள்ளையாத்தானே இருந்துச்சுங்க?"

"அது நான் வெளுத்தது. இங்க வர்ற அத்தனை பேருக்கும் கண்ணை வெளுத்துத்தான் குடுப்பேன். இது நேரா கேமராவுல இருந்து எடுத்தது."

சொல்லிவிட்டு மறுபடி சட்டையைப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன்.

மலர்விழி திரையின் மூலையிலிருந்த, படம் எடுத்த தேதியை வாசித்தாள். மார்ச் பதினொன்று.

"ஜூன்லதாங்க காமாலைன்னே தெரிஞ்சுது. மூணு மாசம் முன்னாடி கூட்டியாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாரு டாக்டர்." என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு உங்களுக்குத் தெரியலீங்களாக்கா?"

தெரியவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரிஞ்சுது மலரு. மானிட்டர் கோளாறுன்னு நெனச்சு வெளுத்துட்டேன்."